பீம் இன்னும் வரவில்லை

எங்கள் தெருவில் அவனுக்குக் கோணல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவனுக்கு வரும் தபாலில் இருக்கும், வேறெங்கும் இருக்காது. ஆளைப் பார்த்தால் கோணல் எதுவும் தெரியாது. நிமிர்ந்த முதுகு, ஒரே மட்டத்தில் இரண்டு தோள், கழுத்துவரை போட்ட பொத்தான். எதைக் கண்டாலும் "லேசா கோணலா இருக்கே" என்பான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஷெட் திறந்த முதல் நாளே என் கடைப் பலகையைப் பார்த்து அதைச் சொன்னான். "உன் கண்ணுதான் கோணல், போய் வேலையைப் பாரு" என்றேன். மறுநாள் ஒரு ஏணியைக் கொண்டுவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வலது பக்க ஆணியை அரை விரல் இறக்கி அடித்துவிட்டுப் போனான். பலகை நேராகிவிட்டது. அந்தக் கோபத்தில் நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இருபத்து மூன்று வருடங்களாக எதிரெதிரே இருக்கிறோம். என்னுடையது கார் உதிரி பாகங்கள் விற்கும் கடை. அவனுடையது வீல் அலைன்மென்ட் ஷெட். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம், ஒரு லிஃப்ட், திரை வைத்த ஒரு மெஷின், மூலையில் நாலு மணல் மூட்டை. ஷெட்டுக்கு மேலேயே அவனுடைய அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. என்னைவிட நாலு வயது இளையவன் என்பதால் அக்கா என்பான். நானும் அந்த உரிமையில் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் மேல் எனக்குப் பாசம் உண்டு, அதை எங்கே போய்ச் சொல்வது.

தொழிலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று போனால் மற்ற ஷெட்டுகளில் முன்சக்கரத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். சின்ன கார்களில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு பீம் சேர்த்துப் பிடித்திருக்கும். அதில் திருகிச் சரிசெய்ய ஒன்றுமே கிடையாது. அதனால் யாரும் அந்தப் பக்கம் குனிவதில்லை. கேட்டால் "பின்னாடி செட்டிங்கே கிடையாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த வார்த்தையைக் கேட்டால் போதும், கோணலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "செட்டிங் இல்லைன்னா கோணலும் இல்லைன்னு அர்த்தமா? யாருக்குக் காது குத்துறாங்க?" என்பான். மெஷினை உயிர்ப்பிக்கும் முன்பே தரையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, காரை அதன் மேல் மெதுவாக ஓட்டச் சொல்வான். முன்சக்கரம் போன ஈரத்தடத்தின் மேலேயே பின்சக்கரத்தின் தடமும் விழுந்தால் சரி. விலகி விழுந்தால் வண்டி நாய் ஓடுவது போல இடுப்பைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். ஓட்டுகிறவர் வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தே ஓட்டுவார், அதுதான் நேர் என்று நினைத்துக்கொண்டு.

இவ்வளவு நேராக இருக்கிற ஒருவனோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. அவன் மனைவி நல்ல பெண். டைப்பிஸ்ட் வேலை பார்த்தாள், வாய் நிறையச் சிரிப்பாள். அவள் சுவரில் ஒரு படம் மாட்டினால், ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் அதன் ஓரத்தைத் தள்ளிச் சரிசெய்வான். சாப்பிடத் தட்டு வைத்தால் தட்டைத் தள்ளி வைப்பான். நடக்கும்போது இடது கால் செருப்பு அதிகமாகத் தேய்கிறது என்பான். சண்டை போட்டாலாவது பதிலுக்குப் போடலாம், இவன் குரலையே உயர்த்த மாட்டான். ஒரு மனுஷியை ஒரு நாளைக்குப் பத்து தடவை நேராக்கினால் அவள் என்ன ஆவாள்? கல்யாணமாகிப் பத்தாவதோ பதினோராவதோ வருடம், வேறு ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அப்போது வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது, அவளும் ஓட்டுவாள். கிளம்புகிற காலையில் அது கிளம்பவில்லை. "ரோட்டர் போயிடுச்சு. பார்ட்ஸ் வரணும், ரெண்டு நாள் ஆகும்" என்றான். ரோட்டர் என்பது இன்ஜினில் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாமல் அந்தக் காலத்துக் கார் ஓடாது. அவள் நம்பாமல் நேராகத் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் அவன் வந்து போயிருந்தான். கண் கலங்கிப்போய், "அக்கா, ரெண்டு நாள் மட்டும்" என்று கேட்டிருந்தான். என் முதுகுக்குப் பின்னால் தட்டில் நாலு ரோட்டர் இருந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "ஸ்டாக் இல்லம்மா. வரணும். ரெண்டு நாள் ஆகும்."

அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்ட ஒன்பது வயது மகள், "அப்பா, இது என்ன?" என்று அந்த ரோட்டரை எடுத்து நீட்டினாள். அவள் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். பெட்டியை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்து பஸ் ஏறினாள். போகிற வழியில் என் கடையை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் மறந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் பதினைந்து வருடம் அப்பன் யாரோ மகள் யாரோ என்று போயிற்று. அந்தக் குழந்தையை நான் வாண்டு என்று கூப்பிடுவேன், அவள் என்னைக் கடை அத்தை என்பாள். மூன்று வருடம் முன்னால் அவள் அம்மா காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாண்டு அவனுக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். ஷெட் வாசலில் அடுக்கியிருக்கும் டயர்களின் மேல் உட்கார்ந்துதான் பேசுவான். எனக்கு ஞாயிறு அரை நாள் கடை, கல்லாவிலிருந்து பார்த்தால் அவன் முகம் நன்றாகத் தெரியும், பேச்சும் காதில் விழும். சாப்பிட்டியா என்பான், ம் என்பாள். உடம்பு எப்படி என்பான், ம் என்பாள். ஐந்தாவது நிமிடம் இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். போனை வைத்த பிறகும் அவன் டயர் மேலேயே உட்கார்ந்திருப்பான். மாதத்தில் மிச்சமிருக்கும் இருபத்தொன்பது நாளும் அவனுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் சாப்பாடு.

போன வருடம் வாண்டு ஒரு கார் வாங்கினாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மூன்று ஊர்க் கிளைகளுக்கு மாறி மாறிப் போகவேண்டும், அதனால் யாரோ ஓட்டிய சின்னக் காராக ஒன்று. வாங்கிய மாதமே அது இடது பக்கம் இழுத்தது. அன்றைக்குத்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு வந்தது.

"எந்த ஸ்பீடுல இழுக்குது?"

போனில் அவள் ஏதோ சொன்னாள்.

"சத்தம் கடக்குனு வருதா, கிரீச்சுனு வருதா?... ரெண்டுக்கும் நடுவுலன்னா எப்படி? எங்கே, வாயால செஞ்சு காட்டு."

அவள் செய்து காட்டியிருக்க வேண்டும். அவன் சிரித்தான். அவன் பல்லை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அன்று நாற்பது நிமிடம் பேசினான். அடுத்த மாதமும் நாற்பது. அதற்கடுத்து, மாதம் ஒரு தடவை என்பது வாரம் ஒரு தடவை ஆயிற்று. அவள் ஊரில் மூன்று ஷெட்டில் காட்டிவிட்டாள், மூன்றிலும் முன்சக்கரத்தைச் சரிசெய்து, பின்னாடி செட்டிங்கே கிடையாது என்று அனுப்பினார்கள். ஒரு ஷெட்டில் பீமை வண்டியோடு சேர்க்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றிப் பார்த்தார்கள், அது நாலே மாதத்தில் கிழிந்தது. ஒவ்வொன்றையும் அவள் அப்பாவிடம் புகார் சொல்வாள், இவன் அந்த முகம் தெரியாத மெக்கானிக்குகளை அவளுக்காகத் திட்டுவான். நடுவில் இந்தப் பைத்தியக்காரன் செய்த காரியத்தைக் கேளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் காரை விற்றுவிட்டு, அவள் வைத்திருக்கும் அதே மாடல், அதே வருடத்து வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தான். அவளுடையது வெள்ளை, இவனுடையது செங்கல் நிறம். "எதுக்குடா இது?" என்றால், "அவ சொல்றது எந்த இடம்னு கை வெச்சுப் பார்க்கணும்ல, அக்கா" என்றான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன்டா, அது பின் பீம் வளைஞ்சிருக்குன்னு உனக்கு முதல் போன்லயே தெரிஞ்சிருக்குமே?"

"பார்க்காம எப்படிக்கா சொல்றது?" என்று திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது. வண்டி சரியாகிவிட்டால் மறுபடியும் சாப்பிட்டியா, ம் என்று ஆகிவிடும். அந்தப் பயம் அவனுக்கு. திட்டவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை வாண்டு அவனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். பின்பக்க டயரின் உள்விளிம்பு. ரப்பர் முழுக்கத் தேய்ந்து கம்பி வெளியே தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போல இருக்கும், உள்பக்கம்தான் இப்படி. போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். "இதுல அவ நூறுல போயிருக்காக்கா" என்றான். அங்கேயே நின்று அவளைக் கூப்பிட்டு, இரண்டு புது டயரைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலை இங்கே வந்தாக வேண்டும் என்றான். அவன் குரல் உயர்ந்ததை நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். அவள் இந்தத் தெருவுக்கே வரமாட்டேன் என்று இருந்தவள். அந்தக் குரலுக்குப் பயந்தோ என்னவோ, சரி என்றுவிட்டாள்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே அவள் அம்மா. இருபத்தேழு வயது, அதே நெற்றி, அதே நடை. இடது செருப்பு கூடத் தேய்ந்திருக்குமோ என்னவோ. அப்பாவிடம் தலையை மட்டும் ஆட்டினாள். "நாலு மணிக்கு நான் கிளம்பணும். அஞ்சு மணி நேரம் ஓட்டணும். நாளைக்கு எனக்கு டியூட்டி" என்றாள். அவன் தண்ணீரை ஊற்றிக் காரை ஓட்டச் சொன்னான். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தைவிட்டு இரண்டு விரல் விலகி விழுந்தது. அவளும் குனிந்து பார்த்தாள். வாங்கும் முன்பே யாரோ வண்டியைச் சறுக்கவிட்டு, பின்சக்கரத்தை எங்கேயோ நடைபாதைக் கல்லில் மோதியிருக்கிறார்கள். பீம் வளைந்திருந்தது, மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

"மாத்துங்க" என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்து, "பீம் வரணும்" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முகம் செத்துப்போனது.

அவள் அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தாள். அவள் அம்மா நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"கடை அத்தை, பின் பீம் இருக்கா?"

பீம் போல ஆள் நீளச் சாமானை யாரும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், கேட்டால்தான் வரவழைப்போம். வியாழக்கிழமை அந்தப் போட்டோவைப் பார்த்ததுமே ஆர்டர் சொல்லியிருந்தேன், திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. இதெல்லாம் உண்மை. ஆனால் என் வாயில் வந்தது என்னவோ அதே வார்த்தைதான்: "ஸ்டாக் இல்லம்மா. வரணும். ரெண்டு நாள் ஆகும்."

அவள் சிரித்தாள். அழுதிருந்தால் தேவலாம் போலிருந்தது. "பதினெட்டு வருஷமா இந்தக் கடையில ஸ்டாக்கே வரலையா அத்தை?"

"நிஜமாம்மா. சத்தியமா. வேணும்னா ஆர்டர் போட்ட சீட்டைக் காட்டுறேன்..."

"வேண்டாம் அத்தை. நீங்க ரெண்டு பேரும் மாறவே இல்ல. இப்படியே வந்த வண்டிதானே, இப்படியே ஓட்டிட்டுப் போறேன். இனிமே போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்கிறேன், நம்பு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அப்போது எதிரே லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினோம். கோணல் தன்னுடைய செங்கல் நிறக் காரை லிஃப்ட்டில் ஏற்றி, அதன் பின்சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவள் தெருவைத் திரும்பத் தாண்டிப் போனாள். நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, புது புஷ் இரண்டும் பிரேக் ஆயில் டப்பாவும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"ஒரே மாடல். இந்த பீம் நேரா இருக்கு, நான் அளந்திருக்கேன்" என்றான் அவன், நிமிராமல். "நாலு மணிக்கு நீ கிளம்பிடலாம்."

அவள் அங்கேயே நின்றாள். மகளை இரண்டு நாள் தங்கவைக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது, கையில் உண்மையும் இருந்தது. அவன் தன் வண்டியை உடைத்து அவளைச் சீக்கிரம் அனுப்பப் பார்த்தான்.

ஒரு ஆள் இரண்டு காரின் பின்பாதியைக் கழற்றி ஒன்றை மாட்டுவதென்றால் சும்மா இல்லை. துருப்பிடித்த போல்ட் ஒன்று அவனை முக்கால் மணி நேரம் படுத்தியது. அவன் சாப்பிடவில்லை. மத்தியானம் நான் ரொட்டி வாங்கி வந்தேன், அவள் பாதி தின்றாள், மீதியைக் காகிதத்தில் சுற்றி அவன் கருவிப்பெட்டி மேல் வைத்தாள். வளைந்த பீமையும் நேர் பீமையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தான். எனக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு நகக்கண் அளவு. அவ்வளவுக்கே ஒரு வண்டி வாழ்க்கை முழுக்கப் பக்கவாட்டில் ஓடுகிறது.

இரண்டரை மணிக்கு பீம் ஏறிவிட்டது. அடுத்தது பிரேக். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழேயிருந்து காற்றை வெளியேற்றுவது வழக்கம். ஒத்தை ஆளாகச் செய்வதற்கு அவனிடம் ஒரு பாட்டிலும் டியூபும் உண்டு, வருடக்கணக்காக அதை வைத்துத்தான் செய்கிறான். அது அலமாரியில் என் கண்ணுக்கு நேராகவே தொங்கியது. அவனும் அதைப் பார்த்தான். பிறகு மகளிடம், "உள்ளே உக்காந்து பிரேக் மிதிக்கணும். ஆள் வேணும்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் பள்ளத்துக்குள் இறங்கினான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

"மிதி."

மிதித்தாள்.

"பிடி... பிடி... விடு."

அரை மணி நேரம் இதுதான் பேச்சு. மிதி, பிடி, விடு. நான் டயர் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த ரோட்டரை ஏன் பாக்கெட்லயே வெச்சிருந்தீங்க? தூக்கிப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"திரும்ப மாட்டணும்ல" என்றான் அவன்.

"எப்ப?"

"ரெண்டு நாள்ல உங்கம்மா மனசு மாறும்னு பார்த்தேன். மாறல. மூணாம் நாள் காலைல எழுந்து மாட்டிடணும்னு வெச்சிருந்தேன்."

"அன்னிக்குக் காலைலதான் நான் எடுத்தேன்" என்றாள்.

"தெரியும். மிதி."

மிதித்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன்.

கடைசியில் புஷ் போல்ட்டுகள். இதில்தான் அவள் ஊர்க்காரர்கள் தவறு செய்தது. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது அந்தப் போல்ட்டை முடுக்கினால், இறக்கிய பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, வழக்கமான பாரம் உள்ளே இருக்கும்போதுதான் முடுக்கவேண்டும். அதற்குத்தான் மணல் மூட்டைகள். ஒரு மூட்டைக்கு ஒரு ஆள் கணக்கு. வருகிற எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டான். "வண்டில வழக்கமா எத்தனை பேரு?" கேட்டுக்கொண்டே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தான். யாரோ ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போன வருடம் போனில் அவள் சொல்லியிருந்தாள்.

"நான் மட்டும்தான்" என்றாள்.

"கூட..."

"இல்ல. அது நடக்கல. நான் மட்டும்தான்."

அவன் அந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் மூலையில் போட்டான். அவளை டிரைவர் சீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, பள்ளத்தில் இறங்கி, அவளுடைய ஒரு ஆள் பாரத்துக்குப் போல்ட்டுகளை முடுக்கினான். அன்று முழுக்க எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு இடம்தான்.

நாலு மணிக்குத் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். நூல் பிடித்த மாதிரி ஒரே தடம். நாலேகாலுக்கு அவள் கிளம்பினாள். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டை ஒரு தடவை பார்க்கணும்" என்றான். "எங்க ஊர்லயே ஷெட் இருக்கு" என்றாள். பிறகு ஜன்னலை இறக்கி, "உங்க வண்டி?" என்று கேட்டாள். "என் வண்டி எங்க போகப் போகுது" என்றான். அவள் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் தரையில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சொன்னபடி திங்கட்கிழமை பீம் வந்தது. இரண்டே நாள். ஷெட்டைப் பார்த்துக் கத்தினேன். "இருக்கட்டும்கா, அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றான். மறுநாள் பார்த்தால் அவளுடைய வளைந்த பீமையே தன் காரில் மாட்டிவிட்டான். தெருவில் அந்தச் செங்கல் நிறக் கார் இடுப்பைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் ஒரு பலகை அரை விரல் சாய்ந்திருந்தால் பொறுக்காதவன், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் போகிறான்! "தெருவுக்குள்ள சுத்துற வண்டிதானேக்கா" என்று ஒரு சமாதானம் வேறு.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. அவன் டயர் மேல் உட்கார்ந்தான். வண்டி எப்படி இருக்கு என்று கேட்டிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிட்டது, நேராகப் போகிறது. அவ்வளவுதான், விஷயம் தீர்ந்தது. அவன் செருப்பு நுனியால் தரையைச் சுரண்டினான். இரண்டாவது நிமிடமே போனை வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். அப்போது அவள் ஏதோ கேட்டாள். அவன் நிமிர்ந்தான்.

"என் வண்டியா? இழுக்குது... ஆமா, இடது பக்கம்தான்... ஐம்பதைத் தாண்டினா... சத்தமா? கடக்குக்கும் கிரீச்சுக்கும் நடுவுல. இரு, செஞ்சு காட்டுறேன்."

நாற்பத்தைந்து நிமிடம். அது முடிந்ததும் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தான். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

"அக்கா, அவ ஒருவேளை உனக்குப் போன் பண்ணிக் கேட்டா, பீம் இன்னும் வரலன்னு சொல்லிடு."

எனக்கு வந்ததே கோபம். "வெளியே போடா. ஒரு பொய் சொல்லிட்டு பதினெட்டு வருஷம் தூக்கம் போச்சு எனக்கு. உண்மையைச் சொன்னப்போ அந்தப் பொண்ணு சிரிச்சுட்டுப் போச்சு. இன்னொரு தடவை என் வாயை வாடகைக்குக் கேக்காதே."

அவன் ஷெட்டுக்குப் போய்விட்டான். பீம் என் கடையில், தட்டுகளுக்குக் கீழே, காகிதம் சுற்றியபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை மத்தியானம் கடைப் போன் அடித்தது.

"அத்தை, நான்தான்." பின்னால் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம். பரிசோதனை நிலையமாக இருக்கும். "அப்பா வண்டிக்கு பீம் வந்திடுச்சா?"

எதிரே அவன் யாருடைய சக்கரத்தையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் காகிதம் சுற்றிய பீமைப் பார்த்தேன்.

"வந்திடுச்சும்மா. நான் சொன்ன மாதிரி ரெண்டே நாள்ல வந்திடுச்சு. அஞ்சு வாரமா என் காலுக்குக் கீழதான் கிடக்குது. அவன்தான் எடுத்துட்டுப் போகல."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. கோபித்துக்கொண்டாள், தீர்ந்தது என்று நினைத்தேன். அப்பனுக்கும் மகளுக்கும் இருந்த ஒரு நூலையும் நானே அறுத்துவிட்டேன். மெஷின் நின்றது.

"அப்போ அன்னிக்கு நீங்க சொன்னது நிஜம்" என்றாள்.

"நிஜம்மா."

"நான் போன் பண்ணதை அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை."

"ஏம்மா?"

"இன்னும் வரலன்னு அவர் சொல்லிட்டிருக்காரு. போன ஞாயிறு கூட சொன்னாரு. எனக்கும் சாயங்காலம் வீட்டுக்குப் போனா பேச யாருமில்ல அத்தை. இன்னும் வரலன்னே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, குனிந்து, அந்த பீமை யார் கண்ணிலும் படாதபடி தட்டுகளுக்கு அடியில் உள்ளே தள்ளினேன். அந்த ஞாயிறு ஒரு மணிக்கு அவன் டயர் மேல் உட்கார்ந்து வாயால் கார் சத்தம் செய்துகொண்டிருந்தான். எனக்குக் கடை மூடும் நேரம் தாண்டியிருந்தது. பேசி முடிக்கட்டும் என்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.